தைராய்டை அடக்கும் மருந்து கொடுத்த எலிகளில் வலிப்பு: கூடுமா, குறையுமா?

தேன்மொழி_மருந்தியல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எம்.ஃபார்ம் மருந்தியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தைராய்டு குறைவுக்கும் வலிப்புக்கும் உள்ள தொடர்புதான் என் ஆய்வுத் தலைப்பு. வழிகாட்டி வகுத்துக் கொடுத்த திட்டம் எளிமையானது. வளர்ந்த விஸ்டார் எலிகளுக்குக் குடிநீரில் புரோபைல்தயோயூராசில் என்ற தைராய்டை அடக்கும் மருந்தைக் கலந்து சில வாரங்கள் கொடுக்க வேண்டும். ஹார்மோன் அளவு இறங்கியதும் பாதி எலிகளுக்குக் காதுவழி மின்னதிர்ச்சி, மீதிக்கு வலிப்பை வரவழைக்கும் பென்டிலீன்டெட்ரசோல் ஊசி. வலிப்பு கூடியிருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும்.

படிக்க உட்கார்ந்த பிறகுதான் தலை சுற்றுகிறது. இந்த மருந்து கொடுத்த எலிகளுக்கு வெறும் மணிச் சத்தத்திலேயே வலிப்பு வருகிறது என்கிறது ஒரு கட்டுரை. தைராய்டு ஹார்மோன் கூடினால்தான் மூளையின் கிளர்ச்சி கூடும் என்கிறது இன்னொன்று. அப்படியானால் ஹார்மோன் குறையும்போது வலிப்பும் குறையத்தானே வேண்டும்? வழிகாட்டியிடம் கேட்டேன். "குறைந்தால் கூடும், அப்படியே எழுதிக்கொள்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

எது சரி? தைராய்டை அடக்கும் இன்னொரு மருந்தான மெதிமசோல் கிடைக்கும்போது புரோபைல்தயோயூராசிலையே ஏன் பிடித்துக்கொள்கிறார்கள்? மருந்தே வேண்டாம், சுரப்பியை வெட்டி எடுத்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்கிறான் உடன் படிக்கும் நண்பன். விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் கொடுக்கும் நாள் நெருங்கிவிட்டது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_கூண்டு எழுதியது:

தேன்மொழி, நீங்கள் படித்த இரண்டு கட்டுரைகளுமே சரிதான். இரண்டும் வேறு வேறு எலிகளைப் பற்றிப் பேசுகின்றன, அவ்வளவுதான். பிறந்த நாள் முதல் மருந்து கலந்த பாலைக் குடித்து வளர்ந்த குட்டி ஒன்று. மூளையும் காதும் முழுதாக வளர்ந்து முடிந்த பிறகு மருந்து குடித்த எலி மற்றது. இரண்டுக்கும் இரத்தத்தில் தைராய்டு ஹார்மோனான டி4 அளவு ஒன்றாகவே இருக்கலாம். வலிப்புக் கணக்கில் அவை இரண்டு தனி உயிரினங்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வழிகாட்டி குட்டியின் முடிவைத் தூக்கி வளர்ந்த எலியின் தலையில் வைக்கிறார். அவர் மட்டுமல்ல, நான் பணியில் இருந்த காலத்தில் ஆய்வேடுகளைத் திருத்தும்போது இந்தக் குழப்பத்தை அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

முதலில் குட்டியின் கதை. டென்னசி பல்கலைக்கழகத்தின் வான் மிடில்ஸ்வொர்த் தைராய்டு ஆய்வாளர், வலிப்பு அவருடைய துறையல்ல. பிறப்பை ஒட்டிய காலத்தில் அயோடின் கடுமையாகக் குறைந்த எலிகள் வளர்ந்த பிறகு உரத்த சத்தம் கேட்டால் வலிப்பில் விழுகின்றன என்று 1977இல் எழுதினார். 1980இல் நாரிஸ் என்பவரோடு சேர்ந்து, அயோடினைக் குறைக்காமல் தைராய்டை அடக்கும் மருந்தாலேயே அதை வரவழைத்துக் காட்டினார். அதே கட்டுரையில் அந்த எலிகளின் உள்காது சேதமடைந்திருப்பதையும் காட்டினார். இந்த இரண்டாவது செய்தியைப் பலர் படிக்காமலே தாண்டிப் போகிறார்கள். விஷயத்தின் பாதி அதில்தான் இருக்கிறது.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். உருளை வடிவப் பெட்டி, மேலே மின்மணி, சத்தம் 110 முதல் 120 டெசிபல் வரை. சாதாரண எலி திடுக்கிட்டு ஓரமாக ஒடுங்கும், பிறகு முகத்தைத் துடைத்துக்கொள்ளத் தொடங்கிவிடும். குட்டிப் பருவத்தில் மருந்து பெற்ற எலியும் முதல் சில விநாடிகள் அசையாமல்தான் நிற்கும். பிறகு திடீரென்று சுவரை ஒட்டி வெறிபிடித்ததுபோல் ஓடும், மூடியில் முட்டும் அளவுக்குத் துள்ளும், நின்று மறுபடி ஓடும், பக்கவாட்டில் சாய்ந்து கால்களை வெட்டி வெட்டி இழுக்கும். மருந்தை நிறுத்தி மாதங்கள் ஆகியிருக்கும், இரத்தத்தில் ஹார்மோன் சரியாகவே இருக்கும், ஆனாலும் இது வரும். வளர்ந்த எலிக்கு எத்தனை வாரம் மருந்தைக் கொடுத்தாலும் இந்த நாடகம் நடக்காது. பிறந்த முதல் மூன்று வாரங்களில் ஹார்மோன் இல்லாமல் போனதற்கான விலை இது.

காரணம் என்ன? எலிக்குட்டி செவிடாகவே பிறக்கிறது. பிறந்து ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆனபோதுதான் காது கேட்கத் தொடங்கும். அதற்கு முந்தைய நாட்களில் உள்காதைச் செதுக்கி முடிக்கும் வேலை தைராய்டு ஹார்மோனுடையது. அது இல்லாவிட்டால் காது அரைகுறையாக நின்றுவிடும். எலிக்குப் பாதிச் செவிடு. பாதிச் செவிடான எலிக்குச் சத்தத்தால் வலிப்பு வருவானேன் என்றுதான் யாருக்கும் கேட்கத் தோன்றும். காதிலிருந்து வரும் செய்தி குறையும்போது, நடுமூளையில் ஒலியை வாங்கும் இன்ஃபீரியர் கோலிகுலஸ் தன் பிடியைத் தளர்த்திக்கொண்டு அளவுக்கு மீறித் துலங்கத் தொடங்குகிறது. இந்த வகை வலிப்பு கிளம்பும் இடமும் அதுவே. தைராய்டில் எந்தக் கோளாறும் இல்லாத சுண்டெலிக் குட்டிகளுக்கு உரிய வயதில் ஒருமுறை பெருஞ்சத்தம் கொடுத்தாலே போதும், சில நாள் கழித்து அதே சத்தத்துக்கு வலிப்பில் விழும் என்பது 1960களிலேயே தெரிந்த செய்தி. முழுச் செவிடான எலிக்கு இந்த வலிப்பு வராது. கொஞ்சமாவது கேட்க வேண்டும்.

மருந்தின் பக்க விளைவாக இருக்குமோ என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு 2001இல் வெளியான ஒரு சான்று உண்டு. தைராய்டு ஹார்மோனின் பீட்டா வகை ஏற்பி இல்லாமல் உருவாக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு எந்த மருந்தும் கொடுக்கவில்லை. அவற்றுக்கும் செவித்திறன் கெட்டிருந்தது, ஒலி வலிப்பும் வந்தது. ஆக, குற்றவாளி மருந்தின் மூலக்கூறு அல்ல, ஹார்மோன் செய்ய வேண்டிய வேலை நடக்காமல் போனதுதான்.

ஆனால் எல்லாப் பழியையும் காதின்மீது போட்டுவிட முடியாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் மேரி கில்பர்ட் 2007இல் காட்டியது, கருக்காலத்திலிருந்தே குறைந்த அளவில் புரோபைல்தயோயூராசில் பெற்ற எலிகளின் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதியில் பார்வால்புமின் என்ற புரதத்துக்கான சாயம் ஏற்கும் செல்கள் குறைந்தன, அங்கே கிளர்ச்சியை அடக்கும் ஆற்றலும் குறைந்தது. அந்தச் செல்கள்தான் காபா என்ற நரம்புச் செய்திப்பொருள் மூலம் மற்ற நியூரான்களை அடக்கி வைப்பவை. இன்னொன்று, பிறந்த புதிதில் காபா மூளையைக் கிளறத்தான் செய்யும், அடக்காது. செல்லுக்குள் இருக்கும் குளோரைடை வெளியேற்றும் பம்பு வேலைக்கு வந்த பிறகுதான் அது அடக்கும் பொருளாக மாறும். ஹார்மோன் இல்லாத எலிகளில் இந்த மாற்றம் தள்ளிப்போகிறது என்று 2008இல் ஜெர்மனியிலிருந்து ஃப்ரியாஃப் குழு எழுதியது. அவர்கள் பார்த்த இடங்களில் செவிவழி மூளைத்தண்டும் ஒன்று. கெட்ட காது, தளர்ந்த தடுப்பு இரண்டும் ஒரே பாதையில் வந்து சேர்கின்றன.

இனி உங்கள் வளர்ந்த எலி. ஹார்மோன் கூடினால் மின்னதிர்ச்சி வலிப்பின் வாசல் இறங்கும், அதாவது குறைந்த அதிர்ச்சியிலேயே வலிப்பு வரும் என்று திமிராஸும் உட்பரியும் 1956இலேயே எழுதிவிட்டார்கள். அதில் பெரிய சண்டை இல்லை. ஹார்மோன் குறைந்தால் என்ன ஆகும் என்பதில்தான் முடிவுகள் சோதனைக்குச் சோதனை மாறுகின்றன. அதனால் விடையை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு சோதனைக்குப் போகாதீர்கள்.

மெதிமசோல் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இரண்டும் தைராய்டு பெராக்சிடேஸ் நொதியை முடக்கி, ஹார்மோன் உருவாவதையே நிறுத்துகின்றன. புரோபைல்தயோயூராசில் கூடுதலாக ஒரு வேலை செய்கிறது. ஈரல், சிறுநீரகம் போன்ற இடங்களில் டி4ஐ, அதைவிட வீரியமான டி3 ஹார்மோனாக மாற்றும் முதல் வகை டீஅயோடினேஸ் நொதியையும் தடுக்கிறது. மூளை நம்பியிருக்கும் இரண்டாம் வகை நொதி இந்த மருந்துக்கு மசியாது. இரத்தத்தில் டி4 குறையும்போது அந்த நொதி இன்னும் கூடி, மூளையின் டி3யைக் காப்பாற்றப் பார்க்கும். அதனால் இரத்த அளவை மட்டும் வைத்து மூளையின் நிலையை எடைபோட முடியாது. மெதிமசோலுக்கும் ஒரு குறை உண்டு. அது எலியின் மூக்கிலுள்ள மோப்பச் சவ்வைக் கெடுக்கும். வலிப்போடு நினைவாற்றல், பழக்கம் போன்றவற்றையும் சோதிக்கும் எண்ணம் இருந்தால் அது உங்களைத் தவறான பாதையில் கொண்டுபோய் விடும்.

உங்கள் நண்பருக்கு: இரத்தக் கால்சியத்தைக் காக்கும் சுரப்பியான பாராதைராய்டு எலிக்கு ஒரு இணைதான். அது தைராய்டின் இரு மடல்களிலும் பக்கத்துக்கு ஒன்றாகப் பதிந்திருக்கிறது. தைராய்டை வெட்டி எடுத்தால் அதுவும் கூடவே போகும். கால்சியம் சரியும், தசைகள் தாமாக இழுக்கும். அதைப் பார்த்துவிட்டு "தைராய்டு குறைந்தால் வலிப்பு" என்று எழுதினால் தேர்வாளர் கிழித்துத் தொங்கவிடுவார். பாராதைராய்டைப் பிரித்து வேறிடத்தில் பதிக்கலாம், குடிநீரில் கால்சியம் கலக்கலாம். சீக்கிரம் முடிந்துவிடும் என்று சொல்பவர் அதைச் செய்து பார்த்தவராகத் தெரியவில்லை.

நாக்குச்சோதனை எழுதியது:

இடையில் ஒரு சிறு குறிப்பு. நான் உணவு அறிவியல். எங்கள் துறைக்கும் புரோபைல்தயோயூராசில் பழக்கமான பொருள்தான். சுவைச் சோதனைக்கு அதைத் தாளில் ஏற்றி நாக்கில் வைப்போம். சிலருக்கு வெறும் தாள், சிலருக்குப் பாகற்காயே இனிப்பு என்று தோன்றும் அளவுக்குக் கசப்பு, அது மரபணுவைப் பொறுத்தது. எலி இந்தத் தண்ணீரை மகிழ்ச்சியாகக் குடிக்குமா என்பதையும் யோசியுங்கள்.

பழைய_கூண்டு எழுதியது:

நல்ல இடத்தில் நல்ல கேள்வி. குடிக்காது. முதல் சில நாட்களில் புட்டியின் அளவு கண்கூடாக இறங்காமல் நிற்கும். தண்ணீர் குறைந்தால் தீனியும் குறையும், எடையும் குறையும். மெலிந்த எலியின் முடிவைத் தைராய்டின் முடிவாக எழுதிவிடும் ஆபத்து உண்டு. புட்டியை நாள்தோறும் எடை போடுங்கள். இன்னொரு தொல்லை, அந்த வெள்ளைப் பொடி குளிர்ந்த நீரில் லேசில் கரையாது. முந்தைய நாள் மாலை கலந்து வைத்தால் காலையில் அடியில் படிந்திருக்கும். எலி மேலேயுள்ள வெறும் தண்ணீரைக் குடிக்கும், நீங்கள் மருந்து கொடுத்ததாகக் குறிப்பேட்டில் எழுதுவீர்கள். வெதுவெதுப்பான நீரில் நன்றாகக் கலக்கிக் கரைந்ததை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். ஒத்துழைக்காவிட்டால் வாய்வழிக் குழாயில் கொடுப்பதே மேல்.

செல்வியின்_அம்மா எழுதியது:

மன்னிக்க வேண்டும், நான் விஞ்ஞானி இல்லை. தேடும்போது இந்தப் பக்கம் வந்தது. என் மகளுக்குச் சிறுவயது முதல் வலிப்பு உண்டு, கார்பமசபைன் சாப்பிடுகிறாள். இப்போது தைராய்டு கூடியிருக்கிறது என்று கார்பிமசோல் தொடங்கியிருக்கிறார்கள். தைராய்டை அடக்கும் மருந்தே வலிப்பைக் கூட்டும் என்று மேலே எழுதியிருப்பதைப் படித்ததும் பயமாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா?

பழைய_கூண்டு எழுதியது:

வேண்டாம் அம்மா, நிறுத்தாதீர்கள். மேலே எழுதியது பிறந்த குட்டிகளின் வளரும் காதையும் மூளையையும் பற்றியது. மூளை வளர்ச்சியில் பிறந்த எலிக்குட்டியின் நிலை மனிதக் கருவின் பிற்பாதிக் காலத்தை ஒட்டியது. வளர்ந்த பெண்ணுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. உங்கள் மகளுக்குத் தைராய்டு கூடியிருப்பதே வலிப்பின் வாசலைத் தாழ்த்தக்கூடிய ஒன்று. அதைச் சரியான அளவுக்கு இறக்குவதுதான் கார்பிமசோலின் வேலை. அது உடலுக்குள் போனதும் மெதிமசோலாக மாறித்தான் வேலை செய்கிறது.

இரண்டு விஷயங்களை மட்டும் மனதில் வையுங்கள். கார்பமசபைன் இரத்தத்தில் டி4 அளவைக் குறைத்துக் காட்டக்கூடியது. தைராய்டு மருத்துவரிடம் வலிப்பு மருந்தின் பெயரையும் சொல்லுங்கள், சீட்டையே காட்டிவிடுவது நல்லது. இரண்டாவது, கார்பிமசோல் சாப்பிடும்போது காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் சாதாரண சளி என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். அபூர்வமாக வெள்ளணுக்கள் சரிந்துபோவது உண்டு. அன்றே மருத்துவரைப் பார்த்து இரத்த அணுக்களை எண்ணச் சொல்லுங்கள். நான் மனிதர்களுக்கு மருத்துவம் பார்ப்பவனல்ல, மற்றதை அவரிடமே கேளுங்கள்.

தேன்மொழி_மருந்தியல் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. வழிகாட்டியிடம் உங்கள் பதிலைப் படித்துக் காட்டினேன். முதலில் முகம் சுளித்தார், பாராதைராய்டு பகுதி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்போது இரண்டு வழிகளில் எதையும் எடுத்துக்கொள் என்கிறார். வளர்ந்த எலியிலேயே ஒழுங்காகச் செய்வதா, குட்டிகளுக்கு மாறிவிடுவதா? எங்களிடம் மின்னதிர்ச்சிக் கருவி இருக்கிறது. மின்மணி வாங்கிப் பெட்டி செய்துகொள்ளலாம். எலி அறை சிறியது.

பழைய_கூண்டு எழுதியது:

வளர்ந்த எலி என்றால் சோதனையை மாற்றுங்கள். எலிக்கு வழக்கமாகக் கொடுக்கும் 150 மில்லிஆம்பியர், 0.2 விநாடி மின்னதிர்ச்சி உச்ச அளவு. ஏறத்தாழ எல்லா எலிகளுமே பின்னங்கால் நீட்டி விழும். எல்லோரும் விழும் இடத்தில் யார் சீக்கிரம் விழுவார் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அந்த முறை வலிப்பு மருந்துகளைத் தேர்ந்தெடுக்க ஏற்பட்டது, வாசலை அளக்க அல்ல. குறைந்த மின்னோட்டத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள். பென்டிலீன்டெட்ரசோலையும் மொத்தமாக ஊசியில் கொடுக்காமல், வாலின் இரத்தக்குழாய் வழியே சீராகச் செலுத்தி, முதல் துடிப்பு வரும்போது எவ்வளவு போயிருக்கிறது என்று பாருங்கள். உடல் வெப்பத்தை மறக்காமல் அளந்து எழுதுங்கள். தைராய்டு குறைந்த எலி குளிர்ந்திருக்கும், குளிர்ச்சியே வலிப்பைக் கட்டுப்படுத்தும். வேதிப்பொருள்களை அதன் உடல் கழிக்கும் வேகமும் மாறியிருக்கும். இந்த இரண்டையும் பார்க்காமல் "தைராய்டு குறைவு வலிப்பைத் தடுக்கிறது" என்று அறிவித்தால், எலிக்குப் போர்வை போர்த்தினால் என்ன ஆகும் என்று யாராவது கேட்பார்கள்.

என் விருப்பத்தைக் கேட்டால், குட்டிகள். விளைவு தெளிவாகத் தெரியும், காலமும் கைக்கு அடங்கும். தாய் எலிக்குப் பிரசவ நாளிலிருந்து குடிநீரில் மருந்து, பால்வழி குட்டிக்குப் போய்விடும். மூன்றாம் வாரக் கடைசியில் நிறுத்துங்கள். மருந்து வேலை செய்கிறதா என்பதைக் கருவி இல்லாமலே பார்க்கலாம். சாதாரணக் குட்டி இரண்டு வாரத்தில் கண் திறக்கும், இது தாமதிக்கும். மூக்கு குட்டையாக, உடம்பு சிறுத்து இருக்கும். ஆனாலும் டி4, டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவுகள் இல்லாமல் ஆய்வேட்டை முடிக்காதீர்கள்.

ஒரு குழுவுக்கு மருந்தோடு டி4 ஊசியும் முதல் நாளிலிருந்தே போட வேண்டும். அந்தக் குழுவுக்கு வலிப்பு வராவிட்டால்தான் உங்கள் வாதம் நிற்கும். அதே டி4ஐ வளர்ந்த பிறகு கொடுக்கும் இன்னொரு குழு வைக்க முடிந்தால் மிகவும் நல்லது. ஒரு தாயின் எட்டுக் குட்டிகளை எட்டு எலிகள் என்று எண்ணாதீர்கள். மருந்து தாய்க்குத்தான் கொடுக்கப்படுகிறது, ஆகவே கணக்குக்கு ஓர் ஈற்று, அதாவது ஒரு பிரசவத்துக் குட்டிகள் மொத்தமும்தான் ஓர் அலகு. ஒவ்வோர் ஈற்றிலும் குட்டிகளின் எண்ணிக்கையை முதலிலேயே சமப்படுத்திவிடுங்கள். மதிப்பெண்ணுக்கு ரசீன் அளவுகோலை எடுக்காதீர்கள், அது முன்மூளை வலிப்புக்கானது. ஒலி வலிப்புக்கு ஜோப் குழுவின் 0 முதல் 9 வரையிலான அளவுகோல் இருக்கிறது. துடிப்பு தொடங்கியதும் மணியை நிறுத்திவிடுவீர்கள், அதிகபட்ச நேரம் இவ்வளவு என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். குழு அதைத்தான் முதலில் கேட்கும்.

எலி அறை சிறியது என்று எழுதியிருக்கிறீர்கள். மணிப் பெட்டியை அந்த அறையில் வைக்கவே கூடாது. காது திறந்து சில நாட்களே ஆன, ஒப்பிடுவதற்காக மருந்து கொடுக்காமல் வைத்திருக்கும் கட்டுப்பாட்டுக் குட்டிகள் பக்கத்துக் கூண்டிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டால், அதுவே அவற்றை வலிப்புக்குத் தயார்ப்படுத்திவிடும். பிறகு இரண்டு குழுக்களுமே ஓடும். மாடியிலோ வராந்தாக் கோடியிலோ ஓர் அறை கேட்டு வாங்குங்கள். கட்டடத்தில் எங்காவது துளையிடும் வேலை நடக்கப்போகிறதா என்பதையும் பராமரிப்புப் பிரிவில் விசாரித்துவிட்டுத் தாய் எலிகளை இணை சேர்த்துவிடுங்கள்.